கம்பி கம்பெனியுடையது, கரண்ட் ஊருடையது: கலிஃபோர்னியாவின் ‘கம்யூனிட்டி சாய்ஸ்’ மின்திட்டம் என்றால் என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் மடேயோ கவுண்டியில் புதிதாகக் குடியேறும் ஒருவருக்கு முதல் கரண்ட் பில் வந்ததும் ஒரு குழப்பம் வரும. பில் அனுப்பியது பிஜி அண்ட் இ என்ற பெரிய தனியார் நிறுவனம். ஆனால் உள்ளே ‘மின் உற்பத்திக் கட்டணம்’ என்ற இடத்தில் ‘பெனின்சுலா கிளீன் எனர்ஜி’ என்று வேறு பெயர் இருக்கும். அவர் எந்த விண்ணப்பமும் கொடுக்கவில்லை, எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அப்போ இவர்கள் யார்?

இது மோசடி இல்லை. அந்த கவுண்டி நிர்வாகமும் அங்குள்ள 20 நகரங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய மின்சாரக் கொள்முதல் அமைப்பு அது. இப்படிப்பட்ட திட்டங்களுக்குத்தான் ‘கம்யூனிட்டி சாய்ஸ்’ என்று பெயர். இன்று அந்த மாநிலத்தில் 200-க்கும் அதிகமான நகரங்களும் கவுண்டிகளும் ஏதாவது ஒரு திட்டத்தில் இருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

கலிஃபோர்னியாவின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தருவது நம் மின்வாரியம் மாதிரியான அரசு நிறுவனம் அல்ல. பிஜி அண்ட் இ, சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என மூன்று தனியார் நிறுவனங்கள் மாநிலத்தைப் பகுதி பகுதியாக வைத்திருக்கின்றன. 2000-01-ல் அங்கே பெரிய மின் நெருக்கடி வந்தது. விலை எகிறியது, மின்வெட்டு வந்தது, பிஜி அண்ட் இ திவாலானது. அந்தச் சூட்டில் 2002-ல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் விரும்பினால் தங்கள் மக்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே மொத்தமாக வாங்கலாம் என்றது அது.

கவனிக்க, மின்சாரத்தை மட்டும்தான். கம்பி, கம்பம், மீட்டர், பில் போடுவது, புயலில் அறுந்த லைனை ஒட்டுவது எல்லாம் பழைய நிறுவனத்திடமே இருக்கும். எந்தச் சூரிய மின் பண்ணையில், எந்தக் காற்றாலையில், என்ன விலைக்கு வாங்குவது என்பதை மட்டும் ஊர் முடிவு செய்யும். அதனால்தான் 2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தில் பிஜி அண்ட் இ லைனை நிறுத்தியபோது, கம்யூனிட்டி சாய்ஸ் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே இருட்டில் உட்கார்ந்தார்கள்.

முதல் திட்டம் 2010 மே மாதம் மரின் கவுண்டியில் தொடங்கியது. அடுத்த மாதமே ஒரு வாக்கெடுப்பு. உள்ளாட்சிகள் இந்தத் தொழிலில் இறங்க மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்ற 16-வது முன்மொழிவு அது. அதை ஜெயிக்க வைக்க பிஜி அண்ட் இ சுமார் 4.6 கோடி டாலர் செலவழித்தது. மக்கள் தோற்கடித்தார்கள். வாக்கெடுப்பு ஜெயித்திருந்தால் மரினுக்குப் பிறகு இன்னொரு திட்டம் வருவதே கஷ்டமாகியிருக்கும்.

ஏன் கூட்டாக?

சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற பெரிய நகரம் தனியாகவே நடத்துகிறது. இருபதாயிரம் பேர் உள்ள ஊருக்கு அது கட்டுப்படியாகாது. மின்சந்தையில் பேரம் பேசத் தெரிந்த ஆட்கள் வேண்டும், முதலீடு வேண்டும், விற்பவர் நம்புகிற அளவுக்குக் கையிருப்பும் வேண்டும். அதனால் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ‘கூட்டு அதிகார அமைப்பு’ ஒன்றைப் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அதன் வாரியத்தில் உட்காருவார். அந்த அமைப்பின் கடன் உறுப்பு நகரங்களின் தலையில் விழாதபடி ஒப்பந்தம் எழுதுவார்கள். நகராட்சிக் கூட்டங்களில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வியே இதுதான்: “நாளைக்கு நஷ்டம் வந்தால் நம்ம கஜானா போகுமா?”

அவசரப்பட்டுச் செய்கிற காரியமும் இல்லை. சாண்டா குரூஸ், மான்டரே, சான் பெனிட்டோ ஆகிய மூன்று கவுண்டிகள் 2013 வாக்கில் பேச ஆரம்பித்து, ஆய்வு நடத்தி, ஒவ்வொரு நகராட்சியாகத் தீர்மானம் வாங்கி, மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 2018-ல்தான். இன்று ‘சென்ட்ரல் கோஸ்ட் கம்யூனிட்டி எனர்ஜி’ எனப்படும் அந்த அமைப்பில், சான் லூயிஸ் ஒபிஸ்போ, மோரோ பே போன்ற ஊர்கள் பின்னர் வந்து சேர்ந்துகொண்டன.

கேட்காமலே சேர்த்துவிடலாமா?

இதுதான் பலருக்கும் உறுத்துகிற இடம். ஊர் சேர்ந்துவிட்டால் அங்குள்ள எல்லா வீடும் கடையும் தானாகவே சேர்க்கப்படும். வேண்டாம் என்பவர்தான் விலகிக்கொள்ள வேண்டும். தொடங்குவதற்கு முன் இரண்டு, பின் இரண்டு என நான்கு அறிவிப்புகள் தபாலில் வரும். தொடங்கி 60 நாட்களுக்குள் விலகினால் கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று வைத்திருந்தால், எத்தனை பேருக்கு மின்சாரம் வாங்குவது என்றே தெரியாமல் திட்டம் நின்றிருக்கும். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு தபாலையும் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

பில் குறையுமா?

கொஞ்சம். ‘5 சதவீதம் குறைவு’ என்று ஓர் அமைப்பு சொன்னால் அது உற்பத்திக் கட்டணத்தில் மட்டும், மொத்த பில்லில் அல்ல. இன்னொரு வரியும் பில்லில் உண்டு: விலகல் கட்டணம். உங்களுக்காகப் பழைய நிறுவனம் அதிக விலைக்குப் போட்டு வைத்த நீண்டகால ஒப்பந்தங்களின் சுமை, பின்தங்கியிருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் மேல் விழக்கூடாது என்பதற்காக வசூலிப்பது. சந்தை விலை இறங்கினால் இது ஏறும். ஊர் மலிவாக வாங்கிய லாபத்தை இது விழுங்கிவிடுவதும் உண்டு. இரு தரப்புக்கும் பல வருடமாக நடக்கிற சண்டையே இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறது. ரிவர்சைடு கவுண்டியின் பெரிஸ், ஹெமெட், நார்கோ, ஈஸ்ட்வேல், வில்டோமார், ஹுருபா வேலி ஆகிய ஆறு நகரங்கள் சேர்ந்த ‘வெஸ்டர்ன் கம்யூனிட்டி எனர்ஜி’, 2020 ஏப்ரலில், சரியாகக் கொரோனா முடக்கத்தின் நடுவில் தொடங்கியது. வேலை இழந்தவர்கள் பில் கட்டவில்லை, இணைப்பைத் துண்டிக்கவும் அரசு தடை போட்டிருந்தது. ஆகஸ்டில் கடும் வெயில் அலை, சந்தையில் மின்விலை உச்சத்துக்குப் போனது. கையிருப்பு சேர்க்க நேரமே கிடைக்காத அமைப்பு, 2021 மே மாதம் திவால் மனு போட்டது.

வீடுகளில் விளக்கு ஒரு நிமிடம்கூட அணையவில்லை. கம்பி பழைய நிறுவனத்துடையதுதானே! ஒரு லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் அப்படியே சதர்ன் கலிஃபோர்னியா எடிசனுக்குத் திரும்பின. பணம் வர வேண்டியவர்கள் மட்டும் திவால் நீதிமன்றத்தில் வரிசையில் நின்றார்கள்.