ஜப்பானிய மரபு ஓவியத்தில் புலி

ஜப்பானிய மரபு ஓவியங்களில் பரவலாகக் காணப்படும் விலங்குகளுள் புலியும் ஒன்றாகும். எனினும், வரலாற்றுக் காலத்தில் ஜப்பானில் காட்டுப்புலிகள் வாழ்ந்ததில்லை. அரிதாகச் சில புலிகள் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டாலும், பெரும்பாலான ஓவியர்கள் உயிருள்ள புலியைப் பார்க்காமலேயே வரைந்தனர். சீன, கொரிய ஓவியங்கள், இறக்குமதியான புலித்தோல், வீட்டுப்பூனை ஆகியவையே அவர்களுக்கு மாதிரிகளாக இருந்தன.

சீன மரபின் தாக்கம்

13 ஆம் நூற்றாண்டின் சீனத் துறவி ஓவியரான மூச்சி வரைந்த புலி, கியோத்தோவின் தைத்தோக்கு-ஜி கோவிலில் உள்ளது. சீன நம்பிக்கையின்படி டிராகன் மழைமேகத்தையும் புலி காற்றையும் வரவழைக்கும். இதனால் இவ்விரண்டும் இணையாக வரையப்பட்டன. மூங்கில் புதரும் புலியும் சேர்ந்த காட்சியும் இவ்வாறு வந்ததே.

அரண்மனைப் புலிகள்

கியோத்தோவின் நிஜோ கோட்டையில், விருந்தினர் காத்திருக்கும் அறைகளின் நகரும் கதவுகளில் கானோ மரபு ஓவியர்கள் 1626 இல் புலிகளை வரைந்தனர். ஷோகுனைக் காண வரும் பிரபுக்களுக்கு அச்சமூட்டுவது இதன் நோக்கம். வந்தவர்களும் புலியைக் கண்டதில்லை என்பதால் ஓவியத்தின் பிழைகள் அந்நோக்கத்துக்குத் தடையாக இருந்திருக்காது. இக்கூட்டத்தில் சிறுத்தைகளும் உள்ளன. அக்காலத்தில் சிறுத்தை என்பது பெண் புலியே என்று கருதப்பட்டது.

பூனையின் கண்கள்

மிகுந்த ஒளியில் பூனையின் கண்மணி செங்குத்தான கீற்றாகச் சுருங்கும். புலியின் கண்மணியோ வட்டமாகவே சுருங்கும். எடோ காலப் புலி ஓவியங்கள் சிலவற்றில் கீற்று வடிவக் கண்மணிகளே காணப்படுகின்றன. மாதிரியாக இருந்தது பூனை என்பதை இது காட்டிக்கொடுத்து விடுகிறது. நாகசாவா ரோசெத்சு 1786 இல் குஷிமோத்தோவின் முரியோ-ஜி கோவிலில் வரைந்த பெரிய புலியும் பூனையையே நினைவூட்டுகிறது. ஆனால் அதன் பாய்ச்சலில் உள்ள உயிர்ப்பு, துல்லியமான பல ஓவியங்களில் இல்லை.

அவருடைய ஆசிரியர் மருயாமா ஓக்கியோ (1733–1795) இயற்கையைப் பார்த்து வரைவதை வலியுறுத்தியவர். புலியைப் பொறுத்தவரை அவர் தோலைப் பார்த்தே வரிகளின் ஒழுங்கை அறிய முடிந்தது. தோலில் தசையோ கண்ணோ இல்லை. இதோ ஜாக்குச்சு (1716–1800) வேறு வழியைத் தெரிந்தெடுத்தார். நேரில் கண்டதையே வரையும் தாம், நாட்டில் புலி இல்லாததால் பழைய சீன ஓவியம் ஒன்றைப் பின்பற்றியதாகத் தமது புலி ஓவியத்திலேயே எழுதி வைத்தார்.

1860 இல் எடோ நகரில் உயிருள்ள சிறுத்தை ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அதை வரைந்த அச்சோவியர்கள் சிலர், புள்ளிகளைச் சரியாகவே வரைந்துவிட்டு, புலி என்றே பெயரிட்டனர்.