அக்ரகாரத்தின் சண்டைக்காரப் பிள்ளை

கன்னட நாவலாசிரியர் யு.ஆர். அனந்தமூர்த்தியை வம்புக்கு எழுதியவர் என்று ஒதுக்குபவர்கள், அவர் யாரோடு வம்பு செய்தார் என்பதைக் கவனிப்பதில்லை. 1965இல் வந்த ‘சம்ஸ்காரா’வில் துர்வாசபுரம் அக்ரகாரத்து நாரணப்பன் செத்துக் கிடக்கிறான். குடி, மாமிசம், சந்திரி என்ற பெண்ணோடு வாழ்க்கை என்று இருந்தவனுக்குக் கொள்ளி வைப்பது யார்? பெரும் பண்டிதரான பிராணேசாச்சாரியாருக்குச் சாஸ்திரத்தில் விடை கிடைக்கவில்லை. பிணம் நாறுகிறது, பிளேக் பரவுகிறது, கடைசியில் பண்டிதரே சந்திரியோடு கூடிவிடுகிறார். தீர்த்தஹள்ளிப் பகுதியில் வைதீகக் குடும்பத்தில் பிறந்த அனந்தமூர்த்தி, சிறுவயதில் சம்ஸ்கிருதம் படித்ததும் துர்வாசபுரத்தில்தான். ஊர்ப் பெயரைக்கூட மறைக்கவில்லை! 1970இல் வந்த திரைப்படத்துக்குச் சென்னைத் தணிக்கைக் குழு தடை போட்டது. தடை நீங்கியபின் அதற்கே சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நாவலை ஆங்கிலத்தில் தந்தவர், நம் சங்கப் பாடல்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன்.

அவர் வம்பு செய்தது தன் சொந்தச் சாதியோடுதான் என்று சொன்னால், அதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. சொந்தச் சாதியைச் சாடினாலும் சந்திரி போன்ற பெண்களைப் பண்டிதரின் விழிப்புக்கு ஒரு கருவியாக மட்டுமே வைத்தார் என்பது முதலாவது. இது நியாயமான குற்றச்சாட்டு. உள்ளே இருந்து பார்ப்பவனுக்கு அக்ரகாரத்துச் சுவருக்கு அப்பால் அவ்வளவாகத் தெரியவில்லை. ‘பாரதிபுரா’வில் தலித்துகளின் ஆலய நுழைவை எழுதியபோதும் நாயகன் மேல்சாதிக்காரன்தான். இரண்டாவது மறுப்பு, அவர் விளம்பரப் பிரியர் என்பது. மோடி ஆளும் நாட்டில் வாழ விரும்பவில்லை என்று 2013இல் சொன்னதைக் காட்டுவார்கள். உணர்ச்சிவசப்பட்டுப் பேசிய பேச்சு அது என்று பின்னர் அவரே சொன்னார். ஆனால் விளம்பரம் தேடுபவர் எண்பது வயதில், உடல் தளர்ந்த நிலையில், மிரட்டலையும் போலீஸ் காவலையும் விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. ஞானபீடம் 1994இலேயே வந்துவிட்டது.

மரபை வெறுத்தவர் என்ற பட்டமும் பொருந்தாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பள்ளி, அதுவும் தாய்மொழியில் என்று ஓயாமல் வாதாடியவர் இவர். ‘பெங்களூர்’ என்பதைக் கன்னடர் சொல்லும்படி ‘பெங்களூரு’ என்று மாற்றச் சொன்னவரும் இவரே. 2014 ஆகஸ்ட் 22 அன்று அவர் அந்த நகரத்தில் இறந்தபோது, கர்நாடகத்தில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். பத்து வாரம் கழித்து, நவம்பர் 1 அன்று, அவர் கேட்ட பெயர் நடைமுறைக்கு வந்தது.