அனுமதிச் சீட்டு யாருக்குக் காவல்?

சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் வரவு செலவுக் கணக்கு படித்து முடிந்தபின் எழும் வினாக்களுள் ஒன்று நமக்கு நன்கு பழக்கமானது. "நம் சொந்த நிலத்தில், நம் சொந்தப் பணத்தில் கிடங்கு கட்டுவதற்கு இன்னொருவரிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? சாயம் காய்ச்ச ஒரு லைசென்ஸ், விதை விற்க ஒரு லைசென்ஸ், மருந்து விற்க ஒரு லைசென்ஸ். இவை மக்களின் பாதுகாப்புக்காகவா, அரசாங்கம் நம்மைத் தன் பிடியில் வைத்துக்கொள்வதற்காகவா?" என்பதே அவ்வினா.

கேட்பவரைக் குறை கூறுவதற்கில்லை. பயிர்த்தொழிலையும் நெசவையும் விட்டுவிட்டு அலுவலகப் படிகளில் காத்திருந்தவர்க்கே அதன் வருத்தம் தெரியும். ஆயினும் "எல்லாம் பாதுகாப்புக்கே" என்று அதிகாரி சொல்லும் விடையும், "எல்லாம் அடக்குமுறையே" என்று சலித்தவர் சொல்லும் விடையும் முழு உண்மையாகா. உயிரைக் காக்கும் அனுமதியும், பிடியில் வைக்கும் அனுமதியும் ஒரே வகைக் காகிதத்தில், ஒரே முத்திரையோடு வருகின்றன. அவற்றைப் பிரித்தறியும் வழியை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நலம்.

பிடியில் வைக்க எழுந்த லைசென்ஸ்

கடல்நீர் வெயிலில் காய்ந்து உப்பாவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆயினும் 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றி உப்புக் காய்ச்சுதல் குற்றமாக இருந்தது. உப்பினால் எவருக்கும் ஆபத்து நேரும் என்று அஞ்சி அச்சட்டம் இயற்றப்படவில்லை. உப்பு வரி சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்வதற்காகவே இயற்றப்பட்டது. இராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியினின்றும் வேதாரணியத்துக்குத் தொண்டர்களோடு நடந்து சென்று, அம்மாத இறுதியில் உப்பு எடுத்துச் சிறை புகுந்த வரலாற்றை நாம் அறிவோம். பாதுகாப்பின் பெயரைக்கூடச் சொல்லாத தூய கட்டுப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாடு விடுதலை பெற்றபின் வேறொரு வகை தோன்றியது. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டப்படி, முக்கியத் தொழில்களைத் தொடங்கவும் பெருக்கவும் லைசென்ஸ் பெற வேண்டியிருந்தது. அரிதான மூலதனத்தைத் திட்டமிட்டுப் பங்கிடுதல் அதன் நோக்கம். நோக்கம் நன்றே, நடைமுறையில் லைசென்ஸ் பெற்றவர் போட்டியின்றி வாழவும், பெறாதவர் ஆண்டுக்கணக்கில் டில்லியை நோக்கிக் காத்திருக்கவும் நேர்ந்தது. முன்னர் உப்பு லைசென்ஸை எதிர்த்த அதே இராஜாஜி, இதனைப் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று கடிந்தார். 1991 ஜூலையில் வெளியான தொழிற்கொள்கை, சில தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு இந்த லைசென்ஸ் முறையை நீக்கியது.

நெசவாளர்க்கு நெருங்கிய உதாரணம் விசைத்தறிப் பெர்மிட் ஆகும். கைத்தறியாளரின் பிழைப்பைக் காக்கும் பொருட்டு, விசைத்தறி நிறுவ விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. இதன் நோக்கம் நம்மைக் காப்பதே. எனினும் என்ன நேர்ந்தது? விதிக்கு அஞ்சியவர் விண்ணப்பித்துக் காத்திருந்தார். அஞ்சாதவர் பெர்மிட் இன்றியே தறியை ஓட்டினார். காகிதத்தை எழுதியவர், தறிக்கூடத்தை வந்து பார்க்கவில்லை. 1985-ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கை அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, பெர்மிட் இல்லாத தறிகள் ஏற்கெனவே ஊர் ஊராகப் பெருகியிருந்தன. அதே ஆண்டில் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டமும் வந்தது. அச்சட்டம் காக்கும் அளவும், சந்தையில் விற்கும் துணியை எவரேனும் சோதித்துப் பார்க்கும் அளவைப் பொறுத்ததே.

உயிர் போனபின் வந்த சட்டம்

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். 1958-ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை இராஜ்யத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர், உண்ட உணவே நஞ்சாகி மாண்டனர். விசாரித்தபோது, கோதுமை மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் கடும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. கசிந்த மருந்து மாவில் கலந்துவிட்டது. மருந்தைத் தயாரித்தவர்க்கும் ஏற்றியவர்க்கும், அதனை உணவிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று சொல்லும் முழுமையான சட்டம் அன்று இல்லை. அத்துயரத்தைத் தொடர்ந்து நடந்த விசாரணைகளின் பயனாகவே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. இன்று நம் சங்கக் கடையில் மருந்துப் புட்டியின்மீது காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை அடையாளங்களும், மருந்து விற்பனைக்கு வேண்டும் லைசென்ஸும் அச்சட்டத்தின் வழிவந்தவை.

விதைக்கும் இது பொருந்தும். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டமும் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் இல்லையெனில், பையின்மீது முளைப்புத்திறனை எழுத விற்பவர்க்குக் கட்டாயம் இராது. விதை பொய்த்தால் ஒரு பருவமே பொய்க்கும். விவசாயி விதையைக் கையிலெடுத்துப் பார்த்து அதன் முளைப்பை அறிய இயலாது. நட்டபின் அறிவதில் பயனில்லை. வாங்குபவர் தம் கண்ணால் காண முடியாத குறையை முன்னதாகவே கண்டு தடுப்பதுதான் இத்தகைய லைசென்ஸின் நியாயம்.

கட்டடத்துக்கும் இதே நியாயம் உண்டு. சுவருக்குள் எத்தனை கம்பி வைத்தார்கள் என்பது பூசி முடித்தபின் தெரியாது. கட்டியவர் விற்றுவிட்டுப் போகலாம். அதன் கீழ் உறங்குபவர் வேறு ஒருவர்.

காகிதம் இருந்தும் காவல் இல்லாதபோது

இத்தனையும் சொல்லியபின், 2004 ஜூலை 16-ஆம் நாளை நாம் மறைத்துப் பேசுதல் கூடாது. அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற் கூடத்தில் பற்றிய தீ, மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குப் போதிய வழியில்லை. 94 குழந்தைகள் மாண்டனர். அரசாங்கத்தின் உதவித்தொகை பெற்ற பள்ளி அங்கு நடந்து வந்தது. அதனை ஆய்வு செய்ய வேண்டியவர்கள் இருந்தார்கள். நிரப்ப வேண்டிய பதிவேடுகள் இருந்தன. கீற்றுக் கூரையோ தெருவில் போகும் எவருடைய கண்ணுக்கும் தெரிந்த ஒன்று. விதியில் குறை இருந்ததனினும், விதியின் பேரால் வந்து பார்க்க வேண்டியவர் பாராதிருந்த குறையே பெரிது.

அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசாங்கம் உத்தரவிட்டது. பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாமும் ஆய்வாளர் இனத்தைச் சேர்ந்தவரே. ஆதலின் இதனைச் சொல்லும் கடமை நமக்கு இரட்டிப்பாகிறது. பாராமல் இட்ட கையொப்பம், கையொப்பமே இல்லாத நிலையினும் தீயது. கையொப்பம் இல்லாத இடத்தில் மக்கள் தாமே எச்சரிக்கையாயிருப்பர். கையொப்பத்தைக் கண்ட பெற்றோர் நம்பிக் குழந்தையை அனுப்பிவிடுகின்றனர்.

லஞ்சத்தின் தீமையும் இங்கேதான் முற்றுகிறது. தேவையற்ற அனுமதிக்குப் பணம் கொடுத்துப் பழகியவர், தேவையான அனுமதிக்கும் அதே வழியை நாடுவார். வாங்கிப் பழகியவரும் இரண்டையும் பிரித்துப் பாரார். இவ்வாறு வீண் கட்டுப்பாடு, மெய்யான பாதுகாப்பையும் தன்னோடு சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. வீண் விதிகளைக் குறைப்பது பாதுகாப்புக்குப் பகையன்று; அதற்குத் துணையே.

நெசவும் உழவும் எதிரெதிர் நின்ற வழக்கு

நொய்யல் ஆற்றின் கதை நம் இரு சாராரையும் தொட்டது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது, சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கெனக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. கிணறுகள் உவர்த்தன, நிலங்கள் கெட்டன. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீரை வெளியேற்றுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். சட்டம் இருந்தது; ஆறு கெட்டது. இறுதியில் ஆயக்கட்டு விவசாயிகள் தாமே சங்கமாகச் சேர்ந்து வழக்காடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழலாகாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது.

பட்டறைகள் மூடியபோது தொழிலாளர் குடும்பங்கள் துன்புற்றன. கழிவைத் தூய்மையாக்கும் செலவைத் தாங்கமாட்டாத சிறு பட்டறைகளுக்கு அடி பலமாக விழுந்தது. பாதுகாப்பு விதி நியாயமானதாயினும் அதன் சுமை சிறியவர்மீதே மிகுதியாக அழுந்துகிறது என்பது மெய். இதற்குப் பரிகாரம் விதியைக் கைவிடுவதன்று. அவ்வாறு செய்தால் சுமை கீழ்க்கரை விவசாயியின் தலைக்கு மாறுமேயன்றிக் குறையாது. பலர் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்துச் செலவைப் பங்கிடுவதே பரிகாரம். திருப்பூரில் பின்னர் தொழில் மீண்டதும் பெரும்பாலும் இவ்வழியிலேயே. தனி ஒருவரால் தாங்க முடியாததைக் கூடித் தாங்குதல்தானே கூட்டுறவு!

மூன்று வினாக்கள்

அனுமதி ஒன்று நம்முன் வரும்போது, அதனை மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம்.

முதலாவது: இந்நிபந்தனை யாரைக் காக்கிறது? விண்ணப்பிக்கும் இடத்தில் நில்லாத ஒருவரை, அதாவது மாடியில் படிக்கும் குழந்தையையோ, ஆற்றின் கீழ்க்கரை விவசாயியையோ, கிடங்கில் மூட்டை தூக்கும் தொழிலாளியையோ அது காக்குமாயின், அது பாதுகாப்பு. ஏற்கெனவே தொழிலில் இருப்பவரைப் புதியவரிடமிருந்து காப்பது மட்டுமே அதன் பயனாயின், அது வேறு.

இரண்டாவது: நிபந்தனையை அளந்து காட்ட இயலுமா? வாயிலின் அகலம், கழிவுநீரின் உப்பளவு, விதையின் முளைப்பு வீதம் ஆகியவை அளக்கத் தக்கவை. அளவை நிறைவு செய்தவர்க்கு அனுமதி உரிமையாகக் கிடைக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். "அதிகாரி திருப்தியுற்றால்" என்ற சொல் மட்டுமே நிபந்தனையாக நிற்குமிடத்தில் ஐயம் கொள்ளலாம்.

மூன்றாவது: காகிதம் கொடுத்தபின் எவரேனும் வந்து பார்க்கின்றாரா? கட்டணம் வாங்குவதோடு முடியும் லைசென்ஸ், பெயர் எதுவாயினும், வரியே.

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால், அண்மை மாறுதல்களையும் எடைபோடலாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறு வீடுகளுக்குச் சுயசான்றின்பேரில் உடனடியாக அனுமதி பெறும் முறை வந்துள்ளது. காத்திருப்பது குறைந்தது, நன்று. ஆனால், பொறுப்பு மறையவில்லை. அது அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரரின் கைக்கு மாறியிருக்கிறது. உண்மையை எழுதிக் கையொப்பமிடுவோர்க்கே அம்முறை பொருந்தும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

நூல் கிடங்கோ சாயச்சாலையோ கட்ட முற்படும் சங்கம், வரைபடத்தை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் நிர்வாகக் குழுவில் விரித்து வைத்துப் பார்க்கட்டும். பஞ்சும் நூலும் தீயை வரவேற்பவை. கிடங்குக்கு இரண்டு வழிகள் உள்ளனவா? கதவு வெளிப்புறம் திறக்குமா? மின்கம்பிகள் குழாய்க்குள் செல்கின்றனவா? அடுப்பு தொலைவில் உள்ளதா? பூச்சிமருந்தும் உணவுத் தானியமும் ஒரே அறையில் வைக்கப்படுகின்றனவா? இவற்றைப் பார்க்க நமக்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெறுக. தாமதமானால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பத்தின் நிலையைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தருதல் பொது அலுவலரின் கடமை. பயனற்ற நிபந்தனை இருப்பின், அதனைக் கள்ளத்தனமாகத் தாண்டுவதை விட்டு, மகாசபையில் தீர்மானம் இயற்றி மேலிடத்துக்கு அனுப்புக. தனி மனிதர் ஒருவரின் முறையீடு கோப்புக்குள் உறங்கலாம். நூறு சங்கங்களின் தீர்மானம் எளிதில் உறங்காது.

நம் சங்கங்களும் பதிவும் தணிக்கையும் பெற்றே நடக்கின்றன என்பதை அங்கத்தினர் நினைவிற் கொள்க. தணிக்கையாளர் வரும் நாளில் முகம் சுளிக்கும் நிர்வாகி உண்டு. ஆயினும் கணக்குப் பார்க்கத் தெரியாமல் தம் சேமிப்பைச் சங்கத்தில் போட்டிருக்கும் விதவைத் தாய்க்கு அத்தணிக்கையே காவல். அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்த்தால், எந்த அனுமதி காவல், எந்த அனுமதி விலங்கு என்பது தெற்றென விளங்கும். காவலை விட்டுக் கொடுக்காமலும் விலங்கைச் சுமக்காமலும் இருப்பது கூட்டுறவாளர் கடமையாகும்.