விலை பூஜ்யம்... ஆனாலும் கிடைக்காது!

கடை வாசலில் 'இலவசம்' என்று பலகை தொங்குகிறது. வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கொடுக்கின்றனர். உங்கள் முறை வந்ததும், 'நீ எந்த ஊர்?' என்று கேட்டு, 'உனக்குக் கிடையாது, போ' என்றால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் விளையாட்டு விஷயத்தில், ஈரான் நாட்டுச் சிறுவர்களுக்கு இதுதான் நடந்தது குட்டீஸ்!

அமெரிக்காவின், 'எபிக் கேம்ஸ்' நிறுவனம், 2018 டிசம்பரில் இணையத்தில் ஒரு விளையாட்டுக் கடையைத் திறந்தது. கூட்டத்தை இழுக்க, காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டுகளைச் சில நாட்களுக்கு மட்டும் சும்மா கொடுத்தது. முதலில் கொடுத்தது, 'சப்நாட்டிகா'. வேறொரு கிரகத்தின் கடலுக்கடியில் உயிர் பிழைக்கும் விளையாட்டு! ஆனால், ஈரான், வட கொரியா போன்ற நாடுகளுக்கு அந்தக் கடை திறக்கப்படவில்லை.

காரணம், பொருளாதாரத் தடை. ஒரு நாட்டு அரசுடன் பகை வந்தால், குண்டு போடாமல், 'அந்த நாட்டோடு நம் ஆட்கள் வியாபாரம் செய்யக் கூடாது' என்று சட்டம் போடுவது. அணுசக்தித் திட்டம் உள்ளிட்ட பல காரணங்களைச் சொல்லி, ஈரான் மீது அமெரிக்கா இப்படித் தடை விதித்தது. மீறும் நிறுவனங்களுக்குப் பெரும் அபராதம் உண்டு.

'காசே வாங்கவில்லையே, இது எப்படி வியாபாரம் ஆகும்?' என்று கேட்கிறீர்களா... நல்ல கேள்வி! சட்டம் விலையைப் பார்ப்பதில்லை. கணக்குத் துவங்கிக் கொடுப்பதும், விளையாட்டை அனுப்பி வைப்பதும் கூட, 'சேவை' தான். சேவை செய்வதற்கே தடை!

யார் எந்த நாட்டில் இருக்கின்றனர் என்பதை, கம்ப்யூட்டரின் ஐ.பி., முகவரி காட்டிக் கொடுத்து விடும். அந்த முகவரியை மறைத்து நுழைவோரும் உண்டு. பிடிபட்டால், சேர்த்து வைத்த விளையாட்டுகளோடு கணக்கே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இதைவிடக் கொடுமை, 2012ல் நடந்தது. 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' என்ற விளையாட்டு ஈரானில் நிறுத்தப்பட்டது. ஏற்கனவே கட்டிய பணத்தையாவது திருப்பித் தருவார்களா என்றால், அதுவும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும் அதே சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றது நிறுவனம்!

கடந்த 2019 ஜூனில், இலவசமாகவே விளையாடக் கூடிய, 'லீக் ஆப் லெஜண்ட்ஸ்' விளையாட்டும் ஈரான், சிரியா நாடுகளில் முடங்கியது. அணுசக்திச் சண்டைக்கும், பள்ளி விட்டு வந்து, 'மவுஸ்' பிடிக்கும் சிறுவனுக்கும் என்ன சம்பந்தம்? தடை விதிப்பவர்களோ, 'அரசைத்தான் நெருக்குகிறோம், மக்களை அல்ல' என்கின்றனர்.

சிரியா மீதான தடைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் உத்தரவில், 2025 ஜூன் 30ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆனால், சட்டம் மாறிய அன்றே கடைக் கதவு தானாகத் திறந்து விடாது. ஒவ்வொரு நிறுவனமும், தன் கம்ப்யூட்டரில் உள்ள தடைப் பட்டியலில் இருந்து அந்த நாட்டின் பெயரை எடுத்த பிறகுதான், அங்குள்ள சிறுவர்களுக்கு விளையாட்டு கிடைக்கும்.