சீட்டோடு திரும்பிய பிள்ளைகள்

1902ஆம் ஆண்டு. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு. ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்களும் இத்தாலியர்களும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த பகுதி. நகரச் சுகாதாரத் துறை அனுப்பும் மருத்துவர் பள்ளிக்கு வருவார். கண்ணில் டிரக்கோமாவா, தலையில் பேனா, தோலில் படர்தாமரையா, சிரங்கா? பிள்ளையின் கையில் ஒரு சீட்டு, வீட்டுக்குப் போகலாம். 1897 முதலே இந்தச் சோதனை நடந்துவந்தது.

அந்தச் சீட்டைப் படிக்க அம்மாக்கள் பலருக்கு இங்கிலீஷ் தெரியாது. படித்துச் சொல்ல ஆள் கிடைத்தாலும் மருந்துக்குக் காசு வேண்டுமே! பிள்ளை வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கும். சாயங்காலம் பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைகளோடு அதே தெருவில் விளையாடும். பள்ளிக்குள் தடுத்த தொற்று தெருவில் தாராளமாகப் பரவியது.

ஹென்றி தெருவில் ஏழைகளுக்காகச் செவிலியர் இல்லம் நடத்திவந்த லில்லியன் வால்டு இதை அன்றாடம் கண்டவர். தலைப்புண் காரணமாகப் பள்ளிக்கே போக முடியாதிருந்த 12 வயதுப் பையன் ஒருவனுக்குக் களிம்பு போட்டுக் குணமாக்கி, பள்ளியில் சேர்த்துவிட்டவர். ‘ஒரு மாதத்துக்கு எங்கள் செவிலியர் ஒருவரைத் தருகிறோம்’ என்று நகர நிர்வாகத்திடம் முன்வந்தார். அக்டோபரில் வேலையைத் தொடங்கியவர் கனடாவில் பிறந்த லீனா ரோஜர்ஸ். அவர் பொறுப்பில் 4 பள்ளிகள், சுமார் 10,000 பிள்ளைகள்.

அவர் வளர்த்த முறை எளிமையானது. நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கீழ் இமையை அவரவரே விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு கண்ணின் கிருமி செவிலியர் கைவழியே அடுத்த கண்ணுக்குப் போகாது. சின்னப் புண்ணென்றால் அங்கேயே கழுவி, மருந்திட்டு, வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டிய பிள்ளை என்றால், பின்னாலேயே அவரும் மாடிப்படி ஏறுவார். மருந்தை எப்படிப் போடுவது, பேனையும் ஈரையும் எப்படி ஒழிப்பது என்று அம்மாவுக்குச் செய்தே காட்டுவார். முதல் மாதத்தில் மட்டும் 137 முறை இப்படி வீடுகளுக்குப் போனார்.

என்னைக் கேட்டால், தொற்றுநோய்க் கண்காணிப்பு அந்த மாடிப்படியில்தான் தொடங்கியது. யாருக்கு நோய் என்று குறித்துவைப்பது பாதி வேலைதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கூடுதல் செவிலியர்களுக்கு நகரம் பணம் ஒதுக்கியது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக நகரப் பள்ளிகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர். அடுத்த செப்டம்பரில் 1,101 பேர்.