திரைவாசிப்பானுக்குக் கேட்காத தமிழ்

சுங்கை பூலோவில் ஓர் ஆலய நிர்வாகம் திருவிழா அறிவிப்பைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது நல்ல தமிழ். பார்வையற்றவரின் கணினியில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோ ‘தமிழ்’ என்ற சொல்லை ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று உளறும். பாமினிக் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். யூனிகோடில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகளை மாற்றித்தர இலவச மாற்றிகளும் உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாட்டில் இன்னும் பாமினி எதற்கு?

தலைப்பு விஷயமும் இப்படித்தான். எழுத்தைத் தடிமனாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடாது. என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் ‘எச்’ விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். வேர்டில் ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுக்காத தலைப்பு அந்தத் தாவலில் சிக்காது. பத்துப் பக்கச் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்தே கேட்க வேண்டியதுதான். ‘சிவப்பில் உள்ளவற்றை மட்டும் நிரப்பவும்’ என்றாலும் பயனில்லை, நிறத்தைத் திரைவாசிப்பான் வழக்கமாகச் சொல்லாது. பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று ஒரு சொல் போடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) சுவரொட்டிப் படம் அனுப்பினால் நாள், நேரம், இடத்தைக் கீழே எழுத்தாகவும் தட்டுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் வெறும் படம்தான்.

இதையெல்லாம் தயவாக நினைக்க வேண்டாம். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 30ஆம் பிரிவில், பொதுமக்களுக்கான தகவலை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில், உரிய நேரத்தில், கூடுதல் கட்டணமின்றித் தரச் சொல்கிறது. 2010இல் மலேசியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையும் அதையே வலியுறுத்துகிறது. ஆனால் மீறினால் அபராதம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு 41ஆம் பிரிவு அரசாங்கத்துக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் கொடுக்கிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு நீதிமன்றக் கதவைச் சாத்துவது என்ன நியாயமோ!

ஆகவே வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். 30ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பு வேண்டும் என்று அறிவிப்பை வெளியிட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் பதில் தராவிட்டால் பொதுப் புகார் பிரிவுக்குப் போகலாம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் முறையிடலாம். அது விசாரித்துப் பரிந்துரைக்கும், தண்டிக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951இல் தொடங்கியது. வழி தெரியாதவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

அறிவிப்பு தயாரிக்கும் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை: என்விடிஏ இலவசம், ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டாக்பேக்கை நிறுத்தும் வழியை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அது ஓடத் தொடங்கினால் எதைத் திறக்கவும் இருமுறை தட்ட வேண்டும்.