நாலு வாசல் பெட்டி: புரோலாக் போகும் வழியைப் பார்ப்பது எப்படி?



சி மொழியில் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று நாமே சொல்லிவிடுகிறோம். புரோலாக் அப்படி இல்லைங்க. 1972-ல் பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் அலென் கோல்மரோவர் குழுவினர் உருவாக்கிய இம்மொழியில், தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் கொடுத்தால் போதும். விடையை அதுவே தேடும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். எங்கே தடுக்கியது? அதைக் காட்டுவதுதான் 'டிரேஸ்'.

இதற்கான குறியீட்டு முறையை 1980-ல் லாரன்ஸ் பைர்ட் என்பவர் விளக்கினார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு பெட்டி. அதற்கு நாலு வாசல்:

கால் – கேள்வி உள்ளே நுழைவது
எக்ஸிட் – விடையோடு வெளியே வருவது
ரீடோ – 'வேற விடை இருக்கா பாரு' என்று மறுபடி நுழைவது
ஃபெயில் – கைவிரித்து வெளியேறுவது

நம்ம ஊர் பஸ்ஸை வைத்தே பார்ப்போம். புரோகிராமில் மூன்றே உண்மைகள், இந்த வரிசையில்:

பஸ்(கோவை, மேட்டுப்பாளையம்)
பஸ்(கோவை, பொள்ளாச்சி)
பஸ்(பொள்ளாச்சி, உடுமலை)

விதி ஒன்று: பஸ்(அ, ஊ), பஸ்(ஊ, இ) இரண்டும் இருந்தால் வழி(அ, இ) உண்டு. 'ஊ' என்பது இன்னும் தெரியாத ஊர். இப்போது கோவையிலிருந்து உடுமலைக்கு வழி கேட்டால் டிரேஸ் இப்படி வரும்:

கால்: வழி(கோவை, உடுமலை)
கால்: பஸ்(கோவை, ஊ)
எக்ஸிட்: பஸ்(கோவை, மேட்டுப்பாளையம்)
கால்: பஸ்(மேட்டுப்பாளையம், உடுமலை)
ஃபெயில்: பஸ்(மேட்டுப்பாளையம், உடுமலை)
ரீடோ: பஸ்(கோவை, ஊ)
எக்ஸிட்: பஸ்(கோவை, பொள்ளாச்சி)
கால்: பஸ்(பொள்ளாச்சி, உடுமலை)
எக்ஸிட்: பஸ்(பொள்ளாச்சி, உடுமலை)
எக்ஸிட்: வழி(கோவை, உடுமலை)

ஆறாவது வரியைக் கவனியுங்க. வடக்கே போய் முட்டிக்கொண்ட புரோலாக், கோவைக்கே திரும்பி அடுத்த பஸ்ஸைப் பார்க்கிறது. இதற்குப் பெயர் 'பேக்டிராக்கிங்'. மூன்றாவது உண்மையை எழுத விட்டிருந்தால் பொள்ளாச்சி–உடுமலைக் கேள்வியிலும் ஃபெயில் வந்திருக்கும். குறை எங்கே என்று அந்த வரியே சொல்லிவிடும்.

எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஆபீசுகளில் 'ஆகாதுங்க' என்ற ஒரே பதிலோடு, எந்தத் தாள் குறைந்தது என்றுகூடத் தெரியாமல் எங்க வீட்டார் திரும்பியது பல தடவை. நாளைக்குக் கடனோ உதவித்தொகையோ உண்டா இல்லையா என்று சொல்லும் புரோகிராம்களை நாம்தான் எழுதப் போகிறோம். 'இல்லை' என்றால் எந்த வாசலில் இல்லை என்று காட்டும்படி எழுத வேண்டாமா?

ஜான் வீலமேக்கர் 1987-ல் தொடங்கிய எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக் இலவசமாகவே கிடைக்கிறது. 'டிரேஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். இதே நாலு வாசலும் திரையில் வரும்!